ஸ்பைடர்மேன் பழைய இதழ்கள்: 300இல் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். இப்போது டொரண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மகனுக்குப் பதினைந்து வயது, ஸ்பைடர்மேன் பைத்தியம். இருவருமாகச் சேர்ந்து ஸ்பைடர்மேனின் முக்கியமான பழைய இதழ்களை ஒவ்வொன்றாக வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வருடத்தில் 3,000 கனடிய டாலர் ஒதுக்க முடியும். முதல் இதழிலிருந்து வரிசையாக வாங்குவதா? பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து வருகிறதே, அதைத்தான் வாங்க வேண்டுமா? ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லயன் காமிக்ஸில் நீங்கள் படித்த ஸ்பைடர் வேறு ஆள். கூர்மையான காதும் கறுப்பு உடையுமாக, குற்ற உலகத்துக்கே ராஜாவாகப் பார்த்த அந்த மனிதர் 1965இல் பிரிட்டனின் லயன் வார இதழில் பிறந்தவர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவருக்கு நிறையக் கதை எழுதினார். அவரைச் சேர்ப்பது தனிக் கதை. உங்கள் மகன் கேட்பது மார்வெலின் ஸ்பைடர்மேனை, அதாவது பீட்டர் பார்க்கரை.

வரிசையாக வாங்க வேண்டாம். வரிசையில் முதலில் நிற்பது 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழ், ஆகஸ்ட் 1962, விலை 12 சென்ட். நிறுத்தப்படவிருந்த ஒரு பத்திரிகையின் கடைசி இதழ் அது. எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கத்தில் ஒரு பையனைச் சிலந்தி கடிக்கவைத்து, மாமாவைச் சாகடித்து, அறுபது வருடமாக ஓடும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். 2021இல் 9.6 கிரேடு (நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) பிரதி ஒன்று ஏலத்தில் 36 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, பக்கம் பழுத்துப்போன பிரதிகூட உங்கள் மொத்தப் பணத்தைவிடப் பல மடங்கு கேட்கும். 1963 மார்ச்சில் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழும் எட்டாத உயரம்தான். அதற்குள் ஓரிடத்தில் பீட்டர் பார்க்கரை 'பீட்டர் பாமர்' என்று எழுதியிருப்பார்கள். மகனிடம் மறுபதிப்பில் காட்டிச் சிரிக்கலாம்.

அதனால் பின்னாலிருந்து வாருங்கள். இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. புதிய இதழ்கள் நிறைய அச்சானவை. நல்ல நிலையில் எளிதாகக் கிடைக்கும். அவற்றைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஓரம், முதுகு, ஸ்டேப்பிள், தாளின் நிறம் எல்லாம் கண்ணுக்குப் பழகும். அந்தக் கண் இல்லாமல் 1964ஆம் வருட இதழை வாங்கப் போனால், விற்பவர் சொல்வதுதான் வேதம்.

தொடக்கம் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 300ஆம் இதழ் (இனி வெறும் எண் என்றால் இந்தத் தொடர்தான்). மே 1988, டாட் மெக்ஃபார்லேன் வரைந்தது, வில்லன் வெனம் முழுசாக வரும் இதழ். 'முழுசாக' என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். 299இன் கடைசியில் வெனம் தலைகாட்டிவிடும். இப்படித் தலைகாட்டுவதை கேமியோ என்பார்கள், முழுக் கதையில் வருவதை முழு அறிமுகம் என்பார்கள். இரண்டில் எது உண்மையான 'முதல்' என்று சண்டை போடாத சேகரிப்பாளர் இல்லை. சந்தை பெரும்பாலும் முழு அறிமுகத்தின் பக்கம். விற்பவர் 299ஐ நீட்டி 'இதுதான் முதல்' என்று அடித்துப் பேசினால் தலையாட்டிவிட்டு 300ஐக் கேளுங்கள்.

இதே தகராறு ஸ்பைடர்மேனின் கறுப்பு உடைக்கும் உண்டு. மே 1984 தேதியிட்ட 252ஆம் இதழைத்தான் எல்லோரும் வாங்குவார்கள். ஆனால் கிட்டத்தட்ட அதே சமயத்தில் வந்த 'மார்வெல் டீம்-அப்' 141இலும், 'ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' 90இலும் அதே உடை இருக்கிறது. அவை இரண்டும் விலை குறைவு. உடை எங்கிருந்து வந்தது என்ற கதை அந்த டிசம்பரில் 'சீக்ரெட் வார்ஸ்' 8இல்தான் வந்தது. நாலையும் அடுக்கி வைத்தால் ஒரு பையனின் அலமாரிக்கு அதைவிட அழகான தொகுப்பு கிடையாது. பணமும் பெரிதாகக் கரையாது.

கனடாவில் இருப்பது உங்களுக்கு இங்கே கைகொடுக்கும். 1982 முதல் 1986 வரை கனடிய நியூஸ்ஸ்டாண்டுகளுக்குப் போன மார்வெல் இதழ்களில் அட்டையிலேயே கனடிய விலை அச்சாகியிருக்கும். 252ஆம் இதழ் அமெரிக்காவில் 60 சென்ட், கனடாவில் 75 சென்ட். உள்ளே எல்லாம் ஒன்றுதான். கனடியப் பிரதிகள் குறைவாகவே அச்சானதால், விஷயம் தெரிந்தவர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் இந்த 75 சென்ட் பிரதி, உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலோ கராஜ் சேலிலோ சாதாரண விலைக்குக் கிடக்க வாய்ப்புண்டு. ஹாப்காப்ளின் என்ற வில்லன் அறிமுகமான 238ஆம் இதழும் (மார்ச் 1983) இந்தக் கணக்கில் வரும். ஆனால் அதை வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும்: உள்ளே தோலில் ஒட்டும் டாட்டூ ஸ்டிக்கர் தாள் இணைத்து விற்றார்கள். அன்றைக்குப் பையன்கள் கையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாள் இல்லையென்றால் அது குறைப் பிரதி, விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

அதற்கடுத்த படி 129, பிப்ரவரி 1974, பனிஷரின் முதல் வருகை. பிறகு 50, ஜூலை 1967, வில்லன் கிங்பின் அறிமுகம். உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பீட்டர் முதுகைக் காட்டி நடந்துபோகும் அந்தப் படத்தை, இதழைப் பார்க்காதவர்கள்கூட எங்கேயாவது பார்த்திருப்பார்கள். இந்த இரண்டையும் நடுத்தரத்துக்குக் கீழான நிலையில் வாங்குங்கள். மடிப்பும் தேய்மானமும் இருக்கட்டும், பக்கம் முழுசாக இருந்தால் போதும். மேலே சொன்னவையும் இவை இரண்டும் பொறுமையாகத் தேடினால் உங்கள் 3,000 டாலருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டிட்கோ வரைந்த காலத்து இதழ்களை, அதாவது 38 வரைக்குமானவற்றை, அதற்குப் பிறகு வாங்கலாம். அங்கே எல்லோரும் மோதுவது 14க்கு, வில்லன் கிரீன் காப்ளின் அறிமுகம், ஜூலை 1964. என்னைக் கேட்டால் முதலில் 13ஐப் பாருங்கள். மிஸ்டீரியோ என்ற வில்லனின் முதல் இதழ், டிட்கோவின் கை உச்சத்தில் இருந்த சமயம், 14 அளவுக்கு விலையும் இல்லை. பீட்டரின் காதலி மேரி ஜேனின் முதல் வருகைக்கு 25ஆ 42ஆ என்று மகன் கேட்பான். 25இல் முகம் தெரியாது, 42இன் கடைசிப் படத்தில்தான் டிட்கோவுக்குப் பின் வந்த ஓவியர் ஜான் ரொமிடா அவளைக் கதவைத் திறந்து நிறுத்துகிறார். மனசுக்கு 42. நான் முதலில் வாங்கியது அதைத்தான், வருத்தப்பட்டதில்லை.

இப்போது பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலை. விற்பவர் முன்னால் கூச்சப்படாதீர்கள், கை கழுவிவிட்டு 'பிரித்துப் பார்க்கலாமா' என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் பக்கத்தை எண்ணுங்கள். 1960களின் வழக்கமான மார்வெல் இதழில் அட்டை நீங்கலாக 32 பக்கம். எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொரு விளம்பரப் பக்கத்தின் மூலையையும் பாருங்கள். பல வருடம் முன்பு ஒரு காமிக்ஸ் சந்தையில் 1960களின் இதழ் ஒன்றை வாங்கினேன். அட்டை பளபள, முதுகு நேர்கோடு, விலையும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு வந்து படிக்கும்போதுதான் தெரிந்தது, யாரோ ஒரு பையன் விளம்பரக் கூப்பனைக் கத்தரியால் வெட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறான். கூப்பனுக்குப் பின்பக்கம் கதை. சண்டையின் நடுவில் தபால்தலை மாதிரி ஒரு சதுர ஓட்டை. அந்த இதழ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, விற்க வழியில்லை.

அடுத்து நடுத்தாள். இதழைச் சரியாக நடுவில் பிரித்தால் ஸ்டேப்பிள் கம்பியின் மடங்கிய முனைகள் தெரியும். அந்தத் தாள் கம்பியில் பிடித்திருக்கிறதா, கழன்று சும்மா செருகியிருக்கிறதா என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். கம்பியைச் சுற்றித் துருக்கறை இருந்தால் ஈரத்தில் கிடந்த இதழ். கம்பி புதுசாக மின்னி, தாளில் பக்கத்திலேயே பழைய ஓட்டை தெரிந்தால், யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஏமாற்று. இரண்டு வகை அதிகம். ஒன்று, நிறம் தீட்டுவது. 28ஆம் இதழை உதாரணத்துக்கு எடுங்கள். அட்டை கறுப்பு, சின்ன மடிப்பு விழுந்தாலும் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். கறுப்பு மார்க்கர் ஒன்று போதும், கோடு காணாமல் போய்விடும். அட்டையைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், மை ஊறிப் புள்ளி புள்ளியாக இறங்கியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் தீட்டிய இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும். இரண்டு, ஓரம் வெட்டுவது. நைந்த ஓரத்தைப் பிளேடால் சீவிவிட்டால் புதுசு மாதிரி இருக்கும். அதே வருடத்து வேறு மார்வெல் இதழ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள், அகலம் குறைந்தால் தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 60களின் தொடக்கத்து மார்வெல் அட்டைகளில் வலது ஓரம் எலி கடித்த மாதிரி சின்னச் சின்னதாய்ப் பிய்ந்திருப்பது சகஜம். அச்சகத்து வெட்டுக் கத்தி மழுங்கிப்போனதால் வந்த வினை. மார்வெல் சிப்பிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது கிரேடைக் குறைக்கும், ஆனால் மோசடி அல்ல. சொல்லப்போனால் அந்தக் காலத்து இதழின் வலது ஓரம் சவரக்கத்தி மாதிரி நேராக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மறுபதிப்பை அசல் என்று விற்பதும் உண்டு, சில சமயம் விற்பவருக்கே தெரியாமல். 1966இல் இசைத்தட்டோடு சேர்த்து முதல் இதழை மறுபதிப்பு செய்தார்கள். அதன் அட்டையில் 12 சென்ட் விலை இருக்காது. இப்போது வரும் ஃபேக்சிமிலி (அசலை அப்படியே நகலெடுத்த) பதிப்புகளில் பழைய விளம்பரங்கள்கூட அப்படியே இருக்கும். உள்ளே சின்ன எழுத்தில் மாதம், வருடம், எண் அச்சாகியிருக்கும் பத்தியைப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். படிப்பதற்கு இவைதான் சரி. மகனுக்கு ஃபேக்சிமிலி வாங்கிக் கொடுங்கள், பீட்சா கையோடு புரட்டட்டும்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லாப் என்பார்கள். சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000ஆம் வருடத்திலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. இதழைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெட்டியில் அடைத்துவிடும். லேபிளின் நிறம் முக்கியம். நீலம் என்றால் சாதாரணம், மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் முன்னிலையில் கையெழுத்து வாங்கியது, ஊதா என்றால் பழுதுபார்த்தது. பச்சை என்றால் ஏதோ ஒரு குறையைத் தனியாகக் குறிப்பிட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள், அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். லேபிளிலுள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். என் கணக்கு இதுதான்: ஆயிரம் டாலரை நெருங்கும் இதழை ஸ்லாபில் வாங்குங்கள், நிறம் தீட்டியது, வெட்டியது என்ற பயம் பெரும்பாலும் போய்விடும். 252, 238 மாதிரி இதழ்களுக்குப் பெட்டி வீண்செலவு. பெட்டிக்குள் போனதைப் படிக்கவும் முடியாது, மை வாசனையும் வராது.

விலைக்கு விற்பவர் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டி, அதே எண், அதே கிரேடு கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். கேட்கும் விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் நடுவே ஒரு ஆறே ஓடும். 2021ஐ ஒட்டி விலைகள் தாறுமாறாக ஏறி, பிறகு நன்றாக இறங்கின. அந்த உச்சத்து விலையைச் சொல்லிப் பேரம் பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படமோ தொடரோ அறிவிப்பு வந்த வாரத்தில் அந்தப் பாத்திரத்தின் இதழை வாங்கவே வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் டொரண்டோவில் நடக்கும் ஃபேன் எக்ஸ்போ என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு மகனோடு போங்கள். கடைசி நாள் மாலையில், திரும்பச் சுமந்துகொண்டு போக அலுத்துப்போன வியாபாரிகளிடம் பேச்சு சுலபம்.

வாங்கியதை பேஸ்மென்டில் வைக்காதீர்கள். உங்கள் ஊர் வீடுகளில் பொருளெல்லாம் அங்கேதான் இறங்கும், தெரியும். கோடையில் அங்கே ஏறும் ஈரம்தான் ஸ்டேப்பிளைத் துருப்பிடிக்க வைக்கும், தாளில் பழுப்புப் புள்ளி போடும். நியூஸ்பிரிண்ட் தாளே அமிலத்தில் தானாகப் பழுக்கிற சாதி, வெயிலும் ஈரமும் அதை ஓடவைக்கும். அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து மைலார் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி, படுக்கையறை அலமாரியின் இருட்டான தட்டில் வையுங்கள். உறை வாங்கும்போது 'சில்வர் ஏஜ்' அளவு என்று கேளுங்கள், 60களின் இதழ்கள் இப்போதைய இதழைவிடச் சற்று அகலம். இன்றைய அளவு உறையில் திணித்தால் ஓரம் மடங்கும்.

இந்த வாரமே தொடங்க வேண்டுமென்றால், 75 சென்ட் போட்ட 252 ஒன்றைத் தேடுங்கள். பக்கம் எண்ணும் வேலையை மகனிடம் விடுங்கள்.