பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் எடுக்கும்போது நல்ல விலை வாங்குவது எப்படி?

இப்படிக் கேட்பவர்களில் பலருக்கு டீலர் ஏற்கெனவே ஒரு விலை சொல்லியிருப்பார், அது குறைச்சல் என்று அவர்களுக்கும் தெரியும், எதிர்த்துப் பேசத்தான் தயக்கம். பழைய காரின் விலையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்தக் காரைக் கொடுத்தது போக மேலே எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒரே தொகையைப் பாருங்கள்.

நான் கார் மாற்றியபோது மதிப்பீடு செய்ய வந்தவர், பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தார். பானெட், ரூஃப் எல்லாம் 120, 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடது பின் கதவில் மட்டும் 290. உடனே, "சார், இது ஆக்சிடெண்ட் வண்டி" என்றார், என் தம்பியிடம்.

கார் என் பெயரில். ஓட்டியது நான், தவணை கட்டியது நான். தம்பி சும்மா துணைக்கு வந்தவன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வங்கியானாலும் இன்சூரன்ஸ் ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆண் இருந்துவிட்டால் அவரிடம்தான் பேசுகிறார்கள். கையெழுத்துக்கு மட்டும் பெண்கள் நாங்கள் வேண்டும். இது மாறவே மாறாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கதவில் பார்க்கிங்கில் விழுந்த கீறல். பெயிண்ட் மட்டும் அடித்தது. ஒர்க்‌ஷாப் பில்லும், அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோவும் ஃபைலில் இருந்தன. பட்டி (நசுங்கிய இடத்தை நிரப்பும் பூச்சு) போட்டிருந்தால் மீட்டர் 1000 மைக்ரானைக்கூடத் தாண்டும் என்றேன். கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளைக் காட்டினேன். கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கதவைக் கழற்றியிருந்தால் அந்தப் பெயிண்ட் உடைந்திருக்கும். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவர், ஆக்சிடெண்ட் வண்டி என்று தாளில் எழுதியதை அடித்துவிட்டார்.

அடுத்து சேல்ஸ்மேன் வந்தார். பழைய காருக்குத் தாராளமாக ஏற்றிக் கொடுத்தார். ஆனால் புதிய காருக்கு முதலில் சொன்ன தள்ளுபடி காணோம், கேட்காத ஆக்சஸரீஸ் வேறு சேர்ந்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எடுத்தால் என்ன விலை என்று முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தேன். அந்தத் தாளை எடுத்து வைத்து, "இந்த விலை அப்படியே இருக்கட்டும், இதில் என் காரைக் கழியுங்கள்" என்றேன். மேனேஜரிடம் போய்விட்டு வந்தார், நான் மேலே கட்ட வேண்டிய தொகை இறங்கியது.

டீலருக்கும் லாபம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். வண்டியைச் சரிசெய்து, விற்கும்வரை அவர்தான் வைத்திருக்க வேண்டும். டீலர் இல்லாமல் நேரடியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. முகம் தெரியாதவர்களிடம் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கவிட எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். எதைச் செய்தாலும் பழைய கார் வாங்கும் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரைக் கழுவித் துடைத்தால் போதும். சின்ன நசுங்கலுக்கெல்லாம் டிங்கரிங் பார்க்காதீர்கள், போட்ட காசு பெரும்பாலும் திரும்பாது. சர்வீஸ் பில்களும் இரண்டாவது சாவியும் கையில் இருக்கட்டும்.

பழைய லோன் பாக்கி, காரின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று புதிய லோனில் சேர்த்துவிடுவார்கள். கையை விட்டுப் போன காருக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். முடிந்தால் கொஞ்சம் பொறுத்து, பாக்கி இறங்கியபிறகு மாற்றுங்கள்.

ஒப்படைக்கும் அன்று தேதி, நேரம், கிலோமீட்டர் போட்டு ரசீது வாங்குங்கள். கார் ஸ்கிரீனில் இருக்கும் உங்கள் செல்போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். பெயர் மாற்றம் முடிந்ததற்கான ஆதாரம் வரும்வரை விடாமல் கேளுங்கள், அதுவரை அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும்.