ஆமை ஓட்டுக்குள் ஒரு பி-52

(கட்டடங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, விடுமுறையில் பிள்ளைகளோடு டக்ஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகம் போயிருந்தோம். விமானங்களை நிறுத்தும் பழைய ஹேங்கர் கொட்டகைகளைப் பார்த்தால் யுத்த காலம் அப்படியே கண்முன் நிற்கிறது. அமெரிக்க விமானங்களுக்கு மட்டும் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கான்கிரீட் கட்டடம். இதற்கு விருது வேறு கொடுத்தார்களாமே, நியாயமா?
(லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் சட்டி என்கிறீர்கள். நான் முதல்முறை பார்த்தபோது ஆமை என்றேன். அன்று டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் மனைவியிடம், “பதுங்குகுழி கட்டக் கிளம்பிப் பாதியில் மனசு மாறிவிட்டார்கள்” என்றார். ஆளாளுக்கு ஒரு பெயர் வைக்காமல் யாரும் அந்தக் கட்டடத்தைக் கடப்பதில்லை.

முப்பது வருஷம் கான்கிரீட்டோடு மாரடித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் இருக்கலாம். அதைக் கழித்துவிட்டே படியுங்கள். வடிவமைத்தவர் நார்மன் ஃபாஸ்டர். ஆரூப் நிறுவனத்தின் கிறிஸ் வைஸ் பொறியாளர். 1997இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். அடுத்த வருஷமே, பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களுக்குப் பெரிய கௌரவமான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது.

அந்த ஓட்டின் அளவைத் தீர்மானித்தது ஒரு விமானம்தான். உள்ளே நிற்கும் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்கு இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 56 மீட்டர். வால் துடுப்பு 15 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. பழைய ஹேங்கர் எதிலும் அது நுழையாது. நடுவில் தூண் வைத்தால் இறக்கை இடிக்கும். அதனால்தான் 90 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைகூரை. அந்த வளைவு என்ன வடிவம் தெரியுமா? ஒரு பெரிய மெதுவடையின் வெளிப்பக்கத்தில் ஒரு சீவல் சீவி எடுத்துக் கவிழ்த்தால் வருகிற வடிவம். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. வடையின் வளைவு சுற்றிவரத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் சில அச்சுகளை வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான பலகைகளை வார்த்து அடுக்கிவிடலாம். சின்ன விமானங்களைத் தொங்கவிடும் பாரத்தையும் அதே கூரை தாங்குகிறது.

பழைய ஹேங்கர் அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது பிறந்த கதையையும் பாருங்கள். முதல் உலகப்போரின்போது அவசரத்தில் எழுந்தவை அவை. சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பின்னலாக ஆணியடித்து வில் மாதிரி வளைத்த கூரை. பெல்ஃபாஸ்ட் டிரஸ் என்பார்கள். பெரிய மரம் வாங்கக் காசில்லாத காலத்தின் சிக்கன வித்தை. நூறு வயசானதும் பாரம்பரியம் ஆகிவிட்டது. அந்த வரிசையில் ஒன்றை 1968இல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காக நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வரிசைக்குச் சினிமாதான் கெடுதல் செய்திருக்கிறது, கான்கிரீட் செய்யவில்லை.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. விமானங்களை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். ஒன்றின் இறக்கை இன்னொன்றின் மூக்குக்கு மேலே. எதையும் முழுசாகச் சுற்றிவந்து பார்க்க முடியாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் என்பதால் உள்ளிருந்து எடுத்த என் புகைப்படங்களில் விமானமெல்லாம் கரிக்கட்டையாக விழுந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை. உள்ளே ஆணியடித்த மாதிரி நிற்கும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே அதன் பங்காளி ஒன்று உறுமிக்கொண்டு ஏறும். சுவர் போலத் தெரிகிற அந்தக் கண்ணாடியைக் கழற்றவும் முடியும். உள்ளே மாற்றங்கள் செய்தபோது அதைக் கழற்றித்தான் விமானங்களை வெளியே இழுத்தார்கள். பரிசு நியாயமா என்று கேட்டீர்கள். இந்தக் கண்ணாடிக்காகவே கொடுக்கலாம் என்பேன்.

கேள்வி: லண்டன் ஹெண்டன் விமான அருங்காட்சியகத்தில், 1940இல் நடந்த பிரிட்டன் வான்போரின் நினைவாக ஒரு கோபுரம் கட்டப் போவதாக முன்பு செய்தி வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. மக்கள் எதிர்ப்பால் கைவிட்டார்களா?
(ஹாரோ வாசகி)

2010இல் அறிவித்தார்கள். நூறு மீட்டரைத் தாண்டும் கோபுரம், உள்ளே அந்தப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் எல்லாம். வரைந்தவர்கள் ஃபீல்டன் கிளெக் பிராட்லி நிறுவனத்தார். காஸ்ஃபோர்டில் பனிப்போர்க் காட்சிக்கூடத்தைக் கட்டியவர்களும் அவர்கள்தான், கைதேர்ந்தவர்கள். ஆனால் கோபுரம் காகிதத்தோடு நின்றுவிட்டது. எதிர்ப்பு மட்டுமே காரணமென்று சொல்லமாட்டேன். இவ்வளவு பெரிய கட்டடத்தைச் சாய்க்க வேறு எத்தனையோ காரணங்கள் போதும்.

அன்று படத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். டக்ஸ்ஃபோர்டுக்குப் பரிந்து பேசிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். டக்ஸ்ஃபோர்டில் விமானத்தை அளந்தார்கள், கூரை வந்தது. ஹெண்டனில் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் விமானத்தை உள்ளே வைத்தது போலிருந்தது. ஹெண்டனுக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும், அங்கே குனிந்து காக்பிட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் சுகம். அண்ணாந்து பார்க்கவா போகிறோம்?

கேள்வி: லிங்கனில் பாம்பர் கமாண்ட் (இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப்படை) நினைவிடம் பார்த்தேன். உயிரைக் கொடுத்தவர்களுக்குத் துருப்பிடித்த இரும்பா? பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. லண்டன் கிரீன் பார்க்கில் இருப்பது போலக் கல்லில் கட்டியிருக்கக் கூடாதா?
(நாட்டிங்ஹாம் வாசகர்)

அது கவனிக்காமல் விட்டதால் பிடித்த துரு இல்லை. கார்ட்டென் என்ற எஃகு. மேல்தோலில் அடர்த்தியாக ஒரு துருப்படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலமே உள்ளிருக்கும் எஃகைக் காக்கும். வண்ணம் பூச வேண்டியதில்லை. முதல் சில வருஷம் மழையில் கீழே பழுப்பாக வடியும். நீங்கள் பார்த்தது அதுவாகவும் இருக்கலாம்.

அந்த ஊசிக்கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர். அந்தப் படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு இறக்கையின் நுனிக்கு நுனி நீளமும் அதேதான். 102 அடி. மைதானத்தில் லங்காஸ்டரைப் பார்க்கும்போது இவ்வளவு பெரிசா என்று தோன்றாது. அதே நீளத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் நின்று கழுத்தை வளைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. சுற்றியுள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள். அந்தக் குன்றிலிருந்து எதிரே லிங்கன் தேவாலயம் தெரியும். திரும்பி வந்த விமானிகளுக்கு வீடு வந்துவிட்டது என்று சொன்ன அடையாளம் அந்தத் தேவாலயம்.

கிரீன் பார்க் பற்றிச் சொன்னீர்களே, 2012இல் திறந்த அதற்கும் ஏச்சு விழுந்தது. அங்கே புகார் நேர்மாறு. இந்தக் காலத்தில் டோரிக் தூண்களா, இது யாருடைய யுத்தம், கிரேக்கர்களுடையதா என்று கட்டடக்கலை விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆக, புதுசாகக் கட்டினால் பொதுமக்கள், பழைய பாணியில் கட்டினால் விமர்சகர்கள். அதற்குள் போய் மேலே பார்த்தீர்களா? கூரையின் உட்புறத்துக்கு, பெல்ஜியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸ் விமானம் ஒன்றின் அலுமினியத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தூண்களைப் பற்றிச் சண்டை போடுகிற பலர் தலையைத் தூக்குவதே இல்லை.

கேள்வி: விமான மியூசியத்தை விமானம் மாதிரியே கட்டினால் என்ன?
(எட்டாம் வகுப்பு மாணவன்)

கட்டியிருக்கிறார்கள் தம்பி. கென்ட் கடற்கரையில் கேப்பல்-ல-ஃபெர்ன் என்ற இடத்தில் ஸ்பிட்ஃபயர் இறக்கை வடிவிலேயே ஒன்று, 2015இல் திறந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பிரமாதம். தரையில் நின்று பார்க்கும் உனக்கு அது வளைந்த ஒரு கட்டடம்தான். ஸ்பிட்ஃபயர் அழகாக இருந்தது பறக்க வேண்டும் என்பதற்காக. கட்டடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

கேள்வி: முதல் கடிதத்தைப் போல இன்னொன்று. நாங்களும் டக்ஸ்ஃபோர்ட் போகிறோம், கைவசம் ஒரு மணி நேரம்தான். அமெரிக்கக் கட்டடத்தில் எதைப் பார்ப்பது?
(மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு குடும்பம்)

உள்ளே ஓடாதீர்கள். வாசலுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பலகைகள் நிற்கும், மொத்தம் 52. அவசரத்தில் கைப்பிடிச் சுவர் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள், நானும் முதல்முறை தாண்டிப் போனவன்தான். ரெனாட்டோ நீமிஸ் என்ற சிற்பி செய்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனிலிருந்து கிளம்பித் திரும்பாத அமெரிக்க விமானங்கள் 7,031. அத்தனையையும் ஒவ்வொன்றாக, அதனதன் வடிவத்தில் கண்ணாடியில் கீறியிருக்கிறார். போர் விமானம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் உள்ளங்கையைத் தாண்டும். குண்டுவீச்சு விமானம் ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் வரை இருந்தார்கள். நான் ஒரே ஒரு பலகையை எண்ண ஆரம்பித்தேன். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியதில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி ஆரம்பிக்கவில்லை.

படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். நல்ல வெயிலில் போனால் கண்ணாடி பளபளத்துக் கோடுகள் மறைந்துவிடும். மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போங்கள், இங்கிலாந்தில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.