குறுவையைத் தாளடியோடு ஒப்பிடலாமா? – காலாண்டு முடிவுகள் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வாராந்திரப் பங்குச் சந்தைத் தொகுப்பை இரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் விவசாயம். பிள்ளைகளின் வற்புறுத்தலால், பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கும் உண்டு. நான் பங்கு வைத்திருக்கும் உர நிறுவனத்தின் செப்டம்பர் காலாண்டு நிகர லாபம் ஜூன் காலாண்டைப்போல் இரண்டு மடங்கு என்று தொலைக்காட்சியில் கொண்டாடினார்கள். நீங்களோ "மகிழ ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மறுநாள் விலையும் இறங்கியது. யார் சொல்வது சரி? மழையில் சம்பா மூழ்கினால் நம் பகுதி வங்கிகளின் பங்குகள் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். நிறுவனத்தின் முடிவறிக்கையை இணைத்திருக்கிறேன்.

– மன்னார்குடி வாசகர்

அன்புள்ள ஐயா,

ஒரே வரியில் கடந்தது என் பிழைதான். செப்டம்பர் காலாண்டு முடிவுகளை நவம்பர் 14-க்குள் வெளியிட்டாக வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. கடைசி இரண்டு மூன்று நாள்களில் நூற்றுக்கணக்கான அறிக்கைகள் ஒன்றாக வந்து குவியும்போது என்னைப் போன்றவர்கள் இப்படித்தான் அவசரப்படுகிறோம்.

இந்தக் குறுவைப் பருவத்தில் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் கண்டது என்று களத்தில் பேச்சு வந்தால், நீங்கள் அதைப் போன வருஷக் குறுவையோடுதான் வைத்துப் பார்ப்பீர்கள். அதற்கு முந்திய தாளடிப் பருவத்தில் அறுத்த கண்டுமுதலோடு, அதாவது மொத்த விளைச்சலோடு, வைத்துப் பார்த்து, கூடியது குறைந்தது என்று நம் பக்கத்தில் எவரும் பேசுவதில்லை. தண்ணீர் வேறு, வெயில் வேறு, விதைத்த ரகமும் வேறு. உர நிறுவனத்துக்கும் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவமழையோடு நாடெங்கும் நடவு சூடுபிடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்கள் அதற்கு அறுவடைக் காலம். ஜூன் காலாண்டைவிட அப்போது லாபம் கூடாமல் போனால்தான் செய்தி. நீங்கள் அனுப்பிய அட்டவணையில் முதல் பத்தியில் நடப்புக் காலாண்டும், இரண்டாவதில் முந்தைய காலாண்டும், மூன்றாவதில் கடந்த ஆண்டின் இதே காலாண்டும் இருக்கின்றன. கண் பக்கத்துப் பத்திக்கே போகிறது. தொலைக்காட்சிக்காரர்களின் கண்ணும் அங்கேதான் போயிற்று. மூன்றாவது பத்தியோடு ஒப்பிட்டால் நிகர லாபம் சிறிதளவே கூடியிருக்கிறது. தொடக்க காலத்தில் நானும் இரண்டாவது பத்தியை நம்பி ஒரு நிறுவனத்தின் பங்குகளை அக்டோபரில் வாங்கி, மார்ச் காலாண்டு முடிவு வந்தபோது விழித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அந்தச் சிறிதளவும் உரம் விற்று வந்ததா என்பது அடுத்த கேள்வி. விற்பனை வருவாய்க்குக் கீழே "இதர வருமானம்" என்று ஒரு வரியும், வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே "விதிவிலக்கான இனங்கள்" என்று மற்றொரு வரியும் இருக்கும். தென்னந்தோப்பை விற்ற வருஷத்தில் கைக்கு வந்த பணத்தை நெல் கண்டுமுதலில் சேர்த்துச் சொல்ல உங்களுக்கு நா எழாது. கணக்கியல் விதிகளும் அதைத் தனியாகவே காட்டச் சொல்கின்றன, ஆனால் தலைப்புச் செய்தி எழுதுகிறவர் கடைசி வரியில் இருக்கும் நிகர லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

மூன்றாவதாக ஒன்றுண்டு, உர நிறுவனத்தைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. கூட்டுறவுச் சங்கத்தில் 50 கிலோ டிஏபி உர மூட்டைக்கு நீங்கள் கொடுக்கும் 1,350 ரூபாய் அதன் முழு விலையன்று. மீதியை மத்திய அரசு மானியமாக நிறுவனத்துக்குத் தருகிறது. 2018 முதல், நீங்கள் விற்பனைக் கருவியில் விரல் ரேகை வைத்து வாங்கிய பிறகே அந்த மானியத்தைக் கோர முடியும். ஆகவே மானியம் வருவாயாக ஏட்டில் ஏறிவிடலாம், பணம் பின்னால் வரலாம். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் நாளுக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். ஏறக்குறைய அதே நிலைதான். இதைக் காட்டும் பணப்புழக்க அறிக்கையையும் சொத்து–பொறுப்பு விவரத்தையும் ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. செப்டம்பரிலும் மார்ச்சிலும் தந்தாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது செப்டம்பர் அறிக்கை என்பதால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் இந்த அரையாண்டில் எதிர்மறையாக இருக்கிறது, அதாவது தொழிலில் வந்த பணத்தைவிடப் போன பணம் அதிகம். பருவத்தில் இது வழக்கம்தான் என்றாலும், வரவேண்டிய தொகை சென்ற ஆண்டைவிட வேகமாக வளர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே நான் அந்த ஒரு வரியை எழுதினேன்.

விலை ஏன் இறங்கியது என்பதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்கான மானிய வீதம் ஏப்ரலிலிருந்து ஒன்றும் அக்டோபரிலிருந்து மற்றொன்றுமாக அறிவிக்கப்படுகிறது. சந்தை அடுத்த அரையாண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். பொங்கல் கரும்புக்கு வியாபாரி மார்கழியிலேயே வந்து விலை பேசிவிட்டுப் போகிறார், பொங்கலன்று காலையில் அவர் வருவதில்லை.

வங்கிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சாதாரணக் கடன் தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கோ, தவணை இரண்டு பயிர்ப் பருவம் நிலுவையில் நிற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட இழப்பு அந்த மார்ச் காலாண்டுக் கணக்கிலேயே தெரியும் என்று எதிர்பார்ப்பது தவறு. மேலும், 1904-இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இன்றும் கும்பகோணத்தில் இருக்கிறது என்பதற்காக, அதன் கடன்களெல்லாம் நம் வயல்களில் இருப்பதாக எண்ண வேண்டாம். சிறு, குறு தொழில்களுக்கும் வணிகர்களுக்கும் நகையின் பேரிலும் அது கடன் தருகிறது.

வாங்குவதா விற்பதா என்று நான் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஐந்தாவது குறிப்பை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பழைய கிடங்கு இருந்த நிலத்தை விற்ற தொகை அங்கே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கடந்த ஆண்டைவிட லாபம் குறைந்திருக்கிறது.