நெக் பிக்அப்பிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் மஹோகனி உடலும் மேலே மேப்பிள் பலகையும் கொண்ட, இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பில், இரைச்சலை அடக்க இரண்டு காயில் வைத்த வகை) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. தந்தி உடலில் ஊன்றும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப் பரவாயில்லை, பிடித்துத்தான் இருக்கிறது. கழுத்துப் பக்கத்து நெக் பிக்அப்பில் கார்டு பிடித்தால் மட்டும் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தையாகக் கேட்கின்றன. வால்யூமைக் குறைத்தால் இன்னும் மங்கிவிடுகிறது. வாசிப்பது பெரும்பாலும் புளூஸ், பழைய ராக். ஆம்ப்பை ஒலி லேசாக உடையும் இடத்தில் வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூமிலேயே கூட்டிக் குறைப்பது என் வழக்கம்.

இரண்டையும் கழற்றிவிட்டு 1950களின் பாணியில் ஒரு செட் போடலாம் என்றிருக்கிறேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. காந்தம் அல்நிகோ கலவையில் 2ஆம் வகை என்கிறார் ஒருவர், 5தான் அசல் என்கிறார் இன்னொருவர். மின்தடை ஒன்பது கிலோ ஓம் இருந்தால்தான் கனம் வரும் என்றும் சொல்கிறார்கள். கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: நெக் 8.3, பிரிட்ஜ் 8.4. இரண்டும் அல்நிகோ 5, மூடி போட்டவை, பின்னல் உறை போட்ட ஒற்றை ஒயர். மெழுகில் தோய்த்ததா, தோய்க்காததா? இரண்டு காயிலிலும் சமச் சுற்றா, சமமில்லாததா? எதைப் பார்த்து வாங்குவது?

ர.

அன்புள்ள ர.,

செட் வாங்க வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு நல்ல நெக் பிக்அப். அதையும் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகு வாங்குங்கள்.

முதலில் அந்த 'அசல்' விவகாரம். கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1959இல். 1957 வாக்கிலிருந்து 1962 வரை 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்ற சிறு ஸ்டிக்கர் ஒட்டி வந்தவற்றைத்தான் இன்று எல்லோரும் பி.ஏ.எஃப். என்கிறார்கள். அவற்றுக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. 42 கேஜ் தடிமனில் பிளெய்ன் எனாமல் பூசிய கம்பி, ஒரு காயிலுக்கு ஏறக்குறைய 5000 சுற்று என்பது பொது. ஆனால் சுற்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் போனது; காந்தம் அல்நிகோ 2, 3, 4, 5 என்று கையில் கிடைத்தது போடப்பட்டது. அதனால் ஒன்று 7.2 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9ஐத் தொடும். நெக்குக்கு இது, பிரிட்ஜுக்கு இது என்று அன்று பிரிக்கவும் இல்லை. 5தான் அசல் என்பவரும் 2தான் என்பவரும் ஆளுக்கொரு பழைய பிக்அப்பைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதை வைத்து உங்களால் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கிலோ ஓம் கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கேபிள் முனையில் அளக்கும்போது பிக்அப்போடு வால்யூம் பாட்டும் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடை) இணையாகச் சேர்ந்து வருகிறது. 500 கிலோ ஓம் பாட் என்றால், நீங்கள் கண்ட 8.3 உண்மையில் 8.4க்குச் சற்று மேல். செம்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 4 சதவீதம். 8 கிலோ ஓம் பிக்அப் காலையில் ஒன்றும் மதியத்தில் ஒன்றுமாகக் காட்டுவது இதனால்தான். 43 கேஜ் கம்பி இன்னும் மெல்லியது. அதே நீளத்துக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகத் தடை தரும். ஆக, அதில் சுற்றிய 9 கிலோ ஓம் பிக்அப்பும் 42இல் சுற்றிய 9 கிலோ ஓம் பிக்அப்பும் ஒரே சுற்று கொண்டவை அல்ல, ஒரே ஒலி தருபவையும் அல்ல. தயாரிப்பாளர் கம்பியின் கேஜைச் சொல்லாமல் கிலோ ஓமை மட்டும் சொன்னால் அந்த எண் உதவாது.

பார்க்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது ஹென்றியில் சொல்லப்படும் எண். பிக்அப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மேடு ஒன்றை உண்டாக்குகின்றன. அதற்கு மேலே உள்ள ட்ரெபிள் வேகமாகச் சரிந்துவிடும். பி.ஏ.எஃப். பாணிப் பிக்அப் 4 முதல் 5 ஹென்றி வரை இருக்கும். 4.5 ஹென்றி, கேபிளும் உள் ஒயரும் சேர்த்து 600 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால் மேடு 3,060 ஹெர்ட்ஸ் அருகில் விழும். அதே கேபிளில் 8 ஹென்றி உள்ள, சுற்று மிகுந்த பிக்அப்பைப் போட்டால் 2,300க்கு இறங்கிவிடும். பிக் தந்தியில் படும் அந்தக் கூர்மை, ஒரு நோட்டு இன்னொன்றிலிருந்து பிரிந்து கேட்பது, எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் சேர்ப்பது சாதாரணம். ஆறு மீட்டர் கேபிளுக்குப் பதில் மூன்று மீட்டர் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்அப்பையும் மாற்றாமலே நெக் ஒலியில் ஒரு மடிப்பு விலகும்.

ஒன்பது கிலோ ஓம் உங்களுக்கு ஏன் கூடாது என்பதும் இங்கேதான். நெக் பக்கத்தில் தந்தி அகலமாக ஆடுகிறது. அடிப்படை நோட்டு அங்கே ஏற்கெனவே பருத்திருக்கிறது, அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஹார்மோனிக்குகள் மெலிந்திருக்கின்றன. அதன் மேல் சுற்றைக் கூட்டினால் கூடுவது மொத்தைதான். 1950களின் ஒலியை நான் நெக் பிக்அப்பில்தான் சோதிப்பேன். பிரிட்ஜில் சுமாரான பிக்அப்பைக்கூட ஆம்ப் காப்பாற்றிவிடும். நெக்கில் ஒளிய இடம் இல்லை. 7.2 முதல் 7.6 கிலோ ஓம் வரை, 42 கேஜ் பிளெய்ன் எனாமல், 4.5 ஹென்றிக்கு மிகாமல் என்று தேடுங்கள்.

தேடுவதற்கு முன், இருப்பதைத் திறந்து பாருங்கள். வால்யூம் பாட்டின் மேல் எழுதியிருக்கும் எண் முதல் விஷயம். சில தொழிற்சாலைக் கிட்டார்களில் 300 கிலோ ஓம் பாட் இருக்கும். அது அந்த மேட்டைத் தட்டையாக்கிவிடும். 500 என்று எழுதியிருப்பதையும் நம்பிவிட வேண்டாம். 20 சதவீதம் முன்பின் என்பது சாதாரணம் என்பதால் 400ம் கிடைக்கும், 600ம் கிடைக்கும். ஒயரைப் பிரித்துவிட்டு இரண்டு ஓரக் கால்களுக்கும் இடையே அளந்து, 500க்கு மேல் காட்டுவதை நெக் வால்யூமுக்கு வையுங்கள்.

வால்யூமைக் குறைத்தால் மங்குகிறது என்றீர்களே, அதற்குப் பிக்அப்பை மாற்றுவது மருந்தே அல்ல. டோன் பாட்டுக்குப் போகும் இணைப்பு வால்யூம் பாட்டின் எந்தக் காலிலிருந்து போகிறது என்று பாருங்கள். பிக்அப் ஒயர் வந்து சேரும் ஓரக் காலிலிருந்து போனால் அது இன்றைய முறை. அதை எடுத்து நடுக் காலுக்கு மாற்றுங்கள். 50களின் ஒயரிங் என்பது இவ்வளவுதான். வால்யூம் 6, 7க்கு இறங்கினாலும் ட்ரெபிள் நிற்கும். டோனைத் திருப்பும்போது வால்யூமும் கொஞ்சம் அசையும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை; உங்களைப் போல வால்யூமில் விரல் வைத்தே வாசிப்பவருக்கு அது பெரிதில்லை. கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபாரட் போதும். டோன் முழுக்கத் திறந்திருக்கையில் அதன் பிராண்டும் வயதும் காதுக்கு எட்டாது, பணத்தை அதில் போடாதீர்கள்.

அடுத்து உயரம். கடைசி ஃபிரெட்டில் இரு ஓரத் தந்திகளையும் அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும், அதன் கீழே பிக்அப்பில் இருக்கும் இரும்புத் துண்டான போலின் தலைக்கும் இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். பிரிட்ஜில் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. என்பது வழக்கமான தொடக்கம். உங்கள் நெக்கை அதிலிருந்து இன்னும் தாழ்த்துங்கள், அரைத் திருப்பு அரைத் திருப்பாக. பேஸ் பக்கம் 3 மி.மீ. வரை போகலாம். பிறகு போல் திருகுகளை மட்டும் ஒரு முழுத் திருப்பு மேலே எழுப்புங்கள். பிக்அப்பின் உடல் கீழே போய்த் திருகு மட்டும் தந்தியை நெருங்கும்போது திருகு இருக்கும் காயிலின் பங்கு கூடுகிறது. ஒலி ஒற்றைக் காயிலின் தெளிவை நோக்கி நகர்கிறது. பலர் செட்டையே மாற்றித் தேடுவது இந்த ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலையில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

இதற்குப் பிறகும் மொத்தை மிஞ்சினால் காந்தத்துக்கு வரலாம். அல்நிகோ 5 வலுவானது: பேஸ் இறுக்கம், தாக்கு அதிகம், ட்ரெபிள் முன்னே நிற்கும். 2 மென்மையானது: பேஸ் தளரும், மிட் முன்னே வரும், ட்ரெபிளின் ஓரம் உருண்டுவிடும். 3இல் கோபால்ட் கிடையாது. இவற்றில் வலு குறைந்தது அதுதான். 4 இவற்றுக்கு நடுவே, எதையும் தூக்காமல் எதையும் அடக்காமல் நிற்கும். 'வின்டேஜ் என்றால் 2' என்று நெக்குக்கும் அதையே வாங்குகிறார்கள். ஏற்கெனவே இருட்டாக ஒலிக்கும் மஹோகனி கிட்டாரின் நெக்கில் 2 போட்டால் பேஸ் இன்னும் அவிழும். உங்கள் கிட்டாருக்கு நான் 4ஐச் சொல்வேன். அது கிடைக்காவிட்டால் சுற்றுக் குறைந்த 5. பிரிட்ஜ் கூர்மையாகக் குத்துகிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் அங்கே 2 என்று சொல்லியிருப்பேன்.

பெயர் சொல்லிக் கேட்டால்: கிப்சனின் 57 கிளாசிக் அல்நிகோ 2, சமச் சுற்று, மெழுகில் தோய்த்தது. பர்ஸ்ட்பக்கர் 1, 2, 3 சமமில்லாத சுற்று, தோய்க்காதவை. சீமோர் டங்கனின் சேத் லவர் அல்நிகோ 2, தோய்க்காதது. அவர்களுடைய 59 அல்நிகோ 5. இவற்றில் உங்கள் நெக்குக்கு முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது 59.

சமமில்லாத சுற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு காயிலும் சமமாக இருந்தால் ஹம் என்ற மின் இரைச்சல் முழுக்க அடங்கும். சில மேல் ஹார்மோனிக்குகளும் சேர்ந்தே அடங்கும். ஒன்றில் சுற்றுக் கூடினால் ரத்து முழுமையாகாது. கொஞ்சம் ஹம் திரும்பும், ஒலிக்கு ஒரு பல் முளைக்கும். வித்தியாசம் சிறியது. சுத்தமான ஒலிக்கும் உடையும் ஒலிக்கும் நடுவே வாசிப்பவருக்கு அது இனிக்கும். கம்பி சுற்றும் சட்டமான பாபினின் கறுப்பு, கிரீம் நிறங்களுக்கு மட்டும் ஒலியில் எந்தப் பங்கும் இல்லை.

பாகங்கள் அதிர்ந்து கீச்சிடாமலிருக்கத்தான் மெழுகு. பழைய பிக்அப்கள் அதில் தோய்க்கப்படாதவை. உங்கள் அளவு கெயினுக்கு (ஆம்ப்பில் ஒலியை உடைக்கும் அளவுக்கு) அப்படியே வாங்கலாம். பெரிய ஆம்ப்பின் முன்னால் கெயினைக் கூட்டி நின்றால்தான் கீச்சிடும். தந்திகளை உள்ளங்கையால் முழுக்க அடக்கியும் கீச்சு நிற்கவில்லை என்றால் அது பிக்அப்பிலிருந்து வருகிறது. பெரும்பாலும் மூடிக்கும் பாபினுக்கும் இடையிலுள்ள காற்றுவெளிதான் காரணம். தோய்ப்பதானால் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, தெர்மாமீட்டர் 65 டிகிரியைத் தாண்டாமல், குமிழி வருவது நிற்கும்வரை. நேரடி நெருப்பு கூடவே கூடாது. பழைய முறைப்படி பியூட்டிரேட்டில் செய்த பாபின்கள் சூட்டில் வளைந்துவிடும். அவற்றை வீட்டில் தோய்க்காமலிருப்பதே நல்லது.

மூடி நிக்கல் சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். பித்தளை மூடியில் சுழல் மின்னோட்டம் அதிகமாக ஓடி அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேட்டைத் தின்றுவிடும். இப்போது உங்கள் நெக்கில் இருப்பது பித்தளை மூடியாக இருந்தால், மொத்தைக்கு அதுவும் ஒரு காரணம். போல் இடைவெளி 49, 50 மி.மீ.யா, 52, 53ஆ என்றும் கவலைப்படுகிறார்கள். நெக்கில் தந்திகள் நெருங்கியிருப்பதால் குறுகியது பொருந்தும். பிரிட்ஜில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும் ஒலி குறையாது.

ஒரே ஒரு பிக்அப்பை மாற்றுவதில் உண்மையான ஆபத்து ஃபேஸ். புதியதும் பழையதும் எதிரெதிராக இருந்தால், ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசும். சால்டர் வைப்பதற்கு முன்பே சோதியுங்கள். பிக்அப்பின் இரண்டு முனைகளையும் மல்டிமீட்டரில் மாட்டி 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள்: சிவப்பு உள் ஒயரில், கறுப்பு பின்னலில். ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திருகுப் போல்கள் மேல் படுக்கையாக வைத்துச் சட்டென்று இழுங்கள். அந்தக் கணம் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றதிலும் அதே பக்கம் அசைந்தால் ஃபேஸ் சரி.

எதிர்ப்பக்கம் அசைந்தால் ஒயர்களை மாற்றிப் போட முடியாது. ஒற்றை ஒயர்ப் பிக்அப்பில் பின்னல் அடித்தகட்டோடும் மூடியோடும் சேர்ந்திருக்கிறது. அதைச் சிக்னல் போகும் ஒயராக்கினால் மூடியைத் தொடும்போதெல்லாம் இரையும். காந்தத்தைத்தான் திருப்ப வேண்டும். மூடியின் இருபுறமும் உள்ள சால்டரை உருக்கி உறிஞ்சி எடுத்து மூடியைக் கழற்றுங்கள். அடித்தகட்டின் கீழுள்ள நான்கு திருகுகளைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கலாம், இழுபட்டால் பிக்அப் போயிற்று. காந்தத்தை நீளவாக்கில் மெல்ல வெளியே தள்ளி, நீள அச்சைச் சுற்றி ஒரு தடவை மட்டும் புரட்டுங்கள். மேல்பக்கம் கீழே வர வேண்டும், முனைகள் இடம் மாறக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். உள்ளே தள்ளித் திருகுகளை இறுக்கியபின், மூடியை மாட்டுவதற்கு முன்பே ஸ்க்ரூடிரைவர் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்