பழைய டிவிக்குப் புது எச்.டி. பாக்ஸ்: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி நன்றாகவே ஓடுகிறது. பழைய செட் டாப் பாக்ஸ் கெட்டுப்போனதால் எச்.டி. பாக்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் உள்ள கேபிள் வாங்கி மாட்டினேன். படமே வரவில்லை. பாக்ஸ் பழுதா?
*– வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பாக்ஸ் பழுதில்லை, கேபிள்தான் வீண். எச்.டி.எம்.ஐ.யில் வெளிவருவது டிஜிட்டல் சிக்னல். டியூப் டிவியின் மஞ்சள் துளைக்கு வேண்டியது அனலாக் சிக்னல். இதை அதுவாக மாற்ற நடுவில் ஒரு சர்க்யூட்டும், அது இயங்க மின்சாரமும் வேண்டும். வெறும் ஒயர் அந்த வேலையைச் செய்யாது. முடிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து எதையும் வாங்குவதற்கு முன் பாக்ஸின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்போன் பின் நுழைகிற அளவில் ‘ஏவி’ என்று எழுதிய வட்டத் துளை இருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். அதற்கான கேபிள் போதும். பல எச்.டி. பாக்ஸ்களில் அது இருக்கிறது, பொருத்த வருபவர்தான் சொல்வதில்லை.

இல்லையென்றால் ‘எச்.டி.எம்.ஐ. டு ஏவி’ கன்வெர்ட்டர் வாங்குங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. சில நூறு ரூபாய்தான். இதே உருவத்தில், இதே நிறத் துளைகளோடு ‘ஏவி டு எச்.டி.எம்.ஐ.’ என்று இன்னொன்று விற்கிறது. அது நேர்மாறான வேலை செய்வது; திருப்பி மாட்டினாலும் பயன்படாது. எச்.டி.எம்.ஐ. பக்கம் ‘இன்புட்’, மூன்று நிறப் பக்கம் ‘அவுட்புட்’ என்று இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

டிவியையும் பாக்ஸையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். பாக்ஸிலிருந்து கன்வெர்ட்டருக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள், கன்வெர்ட்டரிலிருந்து டிவிக்கு மூன்று நிற கேபிள். டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் அது மோனோ டிவி. சிவப்பைச் சும்மா விட்டுவிடலாம். டிவியின் பின்னால் ‘ஏவி அவுட்’ என்றும் ஒரு வரிசை இருக்கும். அதில் செருகிவிட்டு நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். செருக வேண்டியது ‘ஏவி இன்’.

கன்வெர்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கப் பழைய போன் சார்ஜர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்: 5 வோல்ட், 1 ஆம்பியர். பாக்ஸின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தால் சிலவற்றில் கரண்ட் போதாமல் படம் விட்டுவிட்டு வரும்.

கடைசியாக, டிவி ரிமோட்டில் ‘ஏவி’ பட்டனை அழுத்துங்கள். ரிமோட் தொலைந்திருந்தால், பல டிவிகளில் சேனல் 0-க்கோ அதற்குக் கீழேயோ போனால் ஏவி வரும். அப்போதும் திரை கறுப்பாகவே இருந்தால் பாக்ஸ் 4கே-யில் (எச்.டி.யைவிட நுணுக்கமான படத் தரம்) செட் ஆகியிருக்கலாம். இந்த வகைக் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை 1080-க்கு மேல் ஏற்காது. பக்கத்து வீட்டு எல்.இ.டி. டிவியில் பாக்ஸை மாட்டி, செட்டிங்கில் ‘720p’ அல்லது ‘1080i’ என்று மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கன்வெர்ட்டர் போட்டாயிற்று. ஆனால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது, சில நேரம் மேலே உருண்டு ஓடுகிறது. இன்னொன்று: சாதாரண சேனல்களில் சத்தம் வருகிறது, சில எச்.டி. சேனல்களில் மட்டும் ஊமை.
*– வாசகி, நகரி*

இரண்டும் வேறு வேறு கோளாறு. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் நகம் வைத்துத் தள்ளும் சின்ன சுவிட்ச் இருக்கும்: ‘பால்’ (PAL), ‘என்.டி.எஸ்.சி.’ (NTSC). இவை டிவி சிக்னலின் இரண்டு முறைகள். நம் டிவிகள் பால் முறை, நொடிக்கு 50 ஃபீல்டு. மற்றது 60. சுவிட்ச் அந்தப் பக்கம் இருந்தால் நிறம் போகும், படம் உருளும். பால் பக்கம் தள்ளிவிட்டு, கன்வெர்ட்டரின் கரண்டை ஒருமுறை பிடுங்கிச் செருகுங்கள்.

ஊமைக்குக் காரணம் டால்பி. சில எச்.டி. சேனல்கள் ஒலியை டால்பி டிஜிட்டலில் அனுப்புகின்றன. பாக்ஸ் அதை அப்படியே எச்.டி.எம்.ஐ.யில் தள்ளினால் கன்வெர்ட்டருக்குப் பிரிக்கத் தெரியாது. பாக்ஸ் மெனுவில் ஆடியோ செட்டிங் போய் ‘பி.சி.எம்.’ அல்லது ‘ஸ்டீரியோ’ வையுங்கள்.

பாக்ஸில் அந்த வட்ட ஏவி துளை இருக்கிறது. கேபிள் வாங்கி மாட்டினால் படம் இல்லை, ஸ்பீக்கரில் ‘ங்ர்ர்’ என்ற இரைச்சல் மட்டும்.
*– வாசகர், வண்டிப்பெரியாறு*

அந்த இரைச்சல்தான் படம். வீடியோ சிக்னல் ஆடியோ துளைக்குள் போனால் அப்படித்தான் கேட்கும். இந்தக் கேபிளின் பின்னில் மூன்று கறுப்பு வளையம், நான்கு உலோகப் பகுதி. எந்தப் பகுதியில் வீடியோ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்ப முடியாது. டிவியின் மஞ்சள் துளையில் சிவப்புப் பின்னையும், அடுத்து வெள்ளையையும் செருகிப் பாருங்கள். படம் வந்த பின்னை அங்கேயே விட்டு, மற்ற இரண்டையும் ஆடியோ துளைகளில் போடுங்கள். இதனால் எதுவும் கெடாது. மூன்றிலும் வரவில்லை என்றால் எர்த் இடமே மாறிய கேபிள். பாக்ஸ் கம்பெனியின் கேபிளையே கேட்டு வாங்க வேண்டும். பின்னில் இரண்டே வளையம் இருந்தால் அது பாட்டு கேட்கிற ஆடியோ கேபிள், இதற்கு ஆகாது.

எங்கள் டிவியில் ஆன்டெனா துளை மட்டும்தான். பின்மூடியைத் திறந்து உள்ளேயே ஏவி துளை வைத்துத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். வைக்கலாமா?
*– வாசகர், செங்கோட்டை*

வேண்டாம். அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸ் (பாகங்கள் பொருத்திய சட்டம்) வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் ஏவி துளை எடுத்தால், கேபிளின் உலோக முனையிலும் பாக்ஸின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கலாம். பிக்சர் டியூபின் ஆனோடிலோ (டியூபில் உயர் வோல்ட் ஏறும் முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் நீண்ட நேரம் தங்கலாம்.

ஏவி சிக்னலை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வாங்குங்கள். பாக்ஸின் ஏவி அதற்குள் போகும். அதன் வெளியீடு டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும். பின்பு டிவியில் மேனுவல் டியூனிங். மாடுலேட்டர் வி.எச்.எஃப். 3 அல்லது 4 சேனலில் தந்தால் ‘வி.எல்.’ பேண்டிலும், 21-க்கு மேல் தந்தால் ‘யு’ பேண்டிலும் தேடுங்கள். யு.எச்.எஃப். இல்லாத மிகப் பழைய டிவி என்றால் முதல் வகைதான் வாங்க வேண்டும். படம் தெளிவாக வந்து சத்தம் மட்டும் கரகரத்தால், மாடுலேட்டரின் ஒலி அமைப்பை ‘பி.ஜி.’, அதாவது 5.5 மெகாஹெர்ட்ஸ், என்று மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்ஸுக்குக் கன்வெர்ட்டர், மாடுலேட்டர் இரண்டும் தேவைப்படும். அவ்வளவு செலவழிப்பதற்குப் பதில், ஏவி துளை உள்ள பழைய டிவி ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம்.

தமிழும் மலையாளமும் பார்க்கிறோம். இரண்டுக்கும் எச்.டி. பேக் போட்டால் டியூப் டிவியில் படம் நன்றாக இருக்குமா? இப்போதே முகங்கள் நீண்டு ஒல்லியாகத் தெரிகின்றன.
*– வாசகி, களியக்காவிளை*

பேக்குக்குப் பணம் போடாதீர்கள். மஞ்சள் ஒயரில் என்ன அனுப்பினாலும் திரையில் விழுவது 576 வரிதான். எச்.டி. சேனலில் ஒளிபரப்பே சுத்தமாக இருப்பதால் கொஞ்சம் தெளிவு கூடும். கொடுக்கும் காசுக்கு அது காணாது. பாக்ஸ் எச்.டி. என்பதற்காகப் பேக்கும் எச்.டி.யாக இருக்க வேண்டியதில்லை. அதே சேனல்களை எஸ்.டி.யில் (சாதாரணத் தரம்) போடச் சொல்லுங்கள், அதே பாக்ஸில் வரும்.

முகம் நீள்வது, 16:9 என்ற அகலப் படத்தை 4:3 என்ற பழைய திரையில் நெருக்கித் திணிப்பதால். பாக்ஸ் மெனுவில் டிவி வகையை 4:3 ஆக்கி ‘லெட்டர்பாக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். 21 இன்ச் டிவியில் கண்ணுக்குத் தெரியும் திரை சுமார் 16 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம். லெட்டர்பாக்ஸில் படம் 9 இன்ச் உயரத்துக்கு வந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ‘பான் ஸ்கேன்’ வைத்தால் திரை நிரம்பும், ஆனால் இரு ஓரமும் வெட்டுப்படும். கிரிக்கெட் ஸ்கோரில் பாதி காணாமல் போகும். கன்வெர்ட்டர் வழியாகப் போட்டிருந்தால் இந்த அமைப்பு வேலை செய்யாமல் போகலாம். அப்போது டிவி மெனுவிலேயே 16:9 இருக்கிறதா என்று பாருங்கள்.

துலா மாத (ஐப்பசி) இடிக்கு பாக்ஸை அணைத்து வைத்தால் போதுமா?
*– வாசகி, குமுளி*

போதாது. மின்னல் டிஷ் கேபிள் வழியாகவும் வரும். பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள், கன்வெர்ட்டரின் சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம்.