இலத்தீனில் செயப்பாட்டு இறந்தகால எச்சம்: ஆக்கமும் தமிழாக்கமும்

இவ்வெச்சத்தை எப்படி அமைப்பது, எப்போதும் ‘பட்ட’ என்றே மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமைப்பது எளிது. அகராதி தரும் நான்கு அடிப்படை வடிவங்களில் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எழுது’ என்பதற்கு அவை ஸ்க்ரீபோ, ஸ்க்ரீபெரே, ஸ்க்ரீப்ஸி, ஸ்க்ரீப்தும். ‘உம்’ ஈற்றை நீக்கி, ஆண்பாலுக்கு ‘உஸ்’, பெண்பாலுக்கு ‘அ’, இரண்டுமல்லாத பாலுக்கு ‘உம்’ சேர்த்தால் எச்சம் கிடைக்கும்: எபிஸ்துலா ஸ்க்ரீப்தா, ‘எழுதப்பட்ட கடிதம்’. தமிழ்ப் பெயரெச்சம் எந்தப் பெயருக்கு முன்னும் மாறாது. இலத்தீன் எச்சமோ தான் தழுவும் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்து நிற்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் கவனம் தேவை. ‘உர்பெம் காப்தம் இன்கெந்தித்’ என்பதைப் ‘பிடிக்கப்பட்ட நகரத்தை எரித்தான்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் பிடித்தவனும் எரித்தவனும் ஒருவனே என்றால், ‘நகரத்தைப் பிடித்து எரித்தான்’ என்பதே நல்ல தமிழ். ஆங்கிலம் வழியாக இலத்தீன் கற்பவர்கள் நம் வினையெச்சம் கையிலிருப்பதையே மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பிடித்தவன் வேறொருவன் என்றால் மட்டும் செயப்பாட்டை விடாதீர்கள்.

சில இடங்களில் எச்சம் நிகழ்ச்சியையே குறிக்கும். உரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூற்பெயரான ‘ஆப் உர்பே கோந்திதா’வுக்கு ‘நிறுவப்பட்ட நகரிலிருந்து’ என்பது பொருளன்று. ‘நகரம் நிறுவப்பட்டதிலிருந்து’ என்பதே பொருள்.

‘லோகூதுஸ்’ போன்றவை வடிவில் செயப்பாடாயினும் பொருளில் செய்வினையே: ‘பேசிய’, ‘பேசிவிட்டு’.