கம்பெனியிடமே பழைய எலக்ட்ரிக் கார் வாங்கினால் கூடக் கொடுக்கும் பணம் தகுமா?

பெருந்துறையில் இருந்து கேட்டிருக்கீங்க. மூணு வருஷம் ஓடின எலக்ட்ரிக் கார் ஒண்ணு. தனி ஆளிடம் வாங்குவதைவிட, அதைச் செய்த கம்பெனியோட பழைய கார் பிரிவில் வாங்கினா முக்கால் லட்சம் கூட ஆகுது, தகுமா என்று. பேட்டரி எந்த நிலைமையில் இருக்குன்னு எழுத்தில் கொடுத்தா தகுமுங்க. கொடுக்கலைன்னா அந்த முக்கால் லட்சம் பாலிஷுக்கும் போர்டுக்கும்தான்.

அமெரிக்காவில் டெஸ்லா தன் பழைய கார்களைத் தன் இணையதளத்திலேயே தானே விற்குது, நடுவில் டீலர் கிடையாது. புது வண்டிக்குக் கொடுத்த நாலு வருஷ வாரண்டி முடிஞ்சதும், இன்னொரு வருஷம் அல்லது 10,000 மைல் வரைக்கும் சேர்த்தும் தருது. நம்ம கோவை அவினாசி ரோட்டு ஷோரூம்களில் நடக்கிறது வேற. டாடா, ஹூண்டாய் மாதிரி கம்பெனிகள் பழைய வண்டி விற்பனைக்குன்னு தனிப் பேர் வச்சிருந்தாலும், பில் போடுவது டீலர். பின்னால் ஏதாவது ஒண்ணுன்னா நீங்க போய் நிற்க வேண்டியதும் அவர் வாசலில்தான். கோவையில் ஒரு டீலர் நடத்துற மாதிரியே சேலத்துக்காரரும் நடத்துவார்னு எதிர்பார்க்காதீங்க.

அப்புறம் எதுக்கு அங்க போகணும்? வண்டி எத்தனை தடவை சர்வீசுக்கு வந்தது, எப்போ எந்த பாகம் மாத்தினாங்க, பேட்டரி இப்போ எவ்வளவு தாங்கும் எல்லாமே அவங்க கம்ப்யூட்டரில் இருக்கு. தனி ஆளிடம் அது இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம காளைக்கு யாரும் துண்டு போட்டு விலை பேச மாட்டாங்க. இந்த வண்டிக்கு அந்தப் பல், எஸ்ஓஹெச் என்கிற ஒரு எண். புது பேட்டரி 100 சதவீதம்னா இப்போ எவ்வளவு மிச்சம் என்பதுதான் அது.

தங்கச்சி மாப்பிள்ளைக்கு வண்டி பார்க்கப் போனப்ப, "இருநூறு பாயிண்ட் செக் பண்ணின வண்டிங்ணா"ன்னு ஒரு தாளை நீட்டினாங்க. வைப்பர், ஹார்ன், சீட்டுத் துணி எல்லாத்துக்கும் டிக் இருந்துச்சு. பேட்டரிக்கு எதிரே வெறும் "ஓகே". எஸ்ஓஹெச் கேட்டா, அதெல்லாம் வெளியே தர்றதில்லைன்னு சேல்ஸ் தம்பி. மாப்பிள்ளை பேசாம எந்திரிச்சு அதே வளாகத்தில் இருந்த சர்வீஸ் பக்கம் போயிட்டார். அங்க ஒருத்தர் ஸ்கேனரை மாட்டிக் கொஞ்ச நேரத்தில் 91 சதவீதம்னு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். தாள் இல்லாம நகராதீங்கன்னு நான் சொல்வது இதனால்தான். விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பக்கத்து ஷெட்டில் தெரியும்.

தாளே கிடைக்காத இடத்தில், அல்லது தனி ஆளிடம் வாங்கும்போது, ஒரு கணக்குப் போடலாம். வண்டியை ஒரு தடவை மெதுவா முழுசா சார்ஜ் போடச் சொல்லுங்க. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரியில் சதவீதம் காட்டும் முள் சில சமயம் தப்பாக் காட்டும், முழு சார்ஜ் போட்டாத்தான் சரியாகும். அப்புறம் 20 சதவீதம் வரை ஓட்டிட்டு, வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு சின்ன மீட்டர் வச்சு 100 வரை ஏத்துங்க. 30 யூனிட் (kWh) பேட்டரின்னா 80 சதவீதத்துக்கு 24 யூனிட். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்தா மீட்டரில் 27 பக்கம் வரணும். 23-லேயே நின்னுட்டா பேட்டரி சுருங்கியிருக்குன்னு அர்த்தம். துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஆனா விலை பேச இது போதும்.

வாரண்டி விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். எட்டு வருஷம், 1,60,000 கிலோமீட்டர் என்பது பல வண்டிகளுக்கு உண்டு. ஆனா முதல் ஆள் வாங்கின தேதியில் இருந்து ஓடுற கணக்கு அது, நீங்க வாங்கும் தேதியில் இருந்து இல்லை. இப்போ புதுசா வர்ற "ஆயுள் முழுக்க பேட்டரி வாரண்டி" முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், உங்க பேருக்கு ஆர்சி மாறினதும் அது சுருங்கிடும். எம்ஜி விண்ட்சர் மாதிரி வண்டிகளில் பேட்டரியையே கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு எடுத்து ஓட்டினவங்களும் இருக்காங்க. அந்த வண்டி மலிவாத் தெரிஞ்சா, பேட்டரி யார் சொத்துன்னு முதலில் கேளுங்க. பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்துன்னா சொந்த வண்டி. மஞ்சள் எழுத்தா இருந்து மாத்தினதுன்னா டாக்சியா ஓடினது.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு ஓடின வண்டி பல சமயம் நல்ல பேரம். கிலோமீட்டர் குறைவு, சர்வீஸ் ஒழுங்கு; ஆனா ஃபாஸ்ட் சார்ஜர் பழக்கம் அதிகம். அங்கேயும் அதே தாளைக் கேளுங்க. சென்னைப் பதிவு வண்டின்னா 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்னதான்னு இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பேரைச் சொல்லிக் குழப்புவாங்க. 2025 ஜனவரியில் இருந்து டீலர் விற்கும் பழைய எலக்ட்ரிக் காருக்கு 18 சதவீதம். ஆனா அது அவருடைய லாபத்துக்கு மட்டும். 8 லட்சத்துக்கு எடுத்து 9 லட்சத்துக்குக் கொடுத்தா, ஒரு லட்சத்துக்கு 18,000. முழு விலைக்கு 18 சதவீதம்னு தனியா கேட்டா வேற கடை பாருங்க. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றா ஜிஎஸ்டியே கிடையாது.

ஓட்டிப் பார்க்க மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறுங்கன்னு சிலர் சொல்வாங்க. நல்ல யோசனை. ஊட்டி வரைக்கும் சுமார் 1,900 மீட்டர் ஏற்றம், ஆள் ஏறின வண்டிக்கு உயரத்துக்கு மட்டுமே எட்டு ஒன்பது யூனிட் போகும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வரும். மேலே முழு சார்ஜ் போட்டுட்டு இறங்கினா மட்டும் வராது, ஏற்க இடமில்லை. டீலர் அவ்வளவு தூரம் விடுவாரான்னா, பெரும்பாலும் மாட்டார்.

வாங்கும் நாளில் பழைய ஆளோட ஆப் கணக்கை வண்டியில் இருந்து நீக்கிட்டாங்களான்னு பாருங்க. இல்லைன்னா உங்க வண்டி எங்க நிற்குதுன்னு அவர் போனில் தெரியும். சார்ஜிங் கேபிளும் கைக்கு வரணும். அப்புறம் தோட்டத்தில் குடியிருந்தா, மோட்டாருக்கான இலவச மின் இணைப்பில் காரைச் சொருகாதீங்க, அது பம்புசெட்டுக்கு மட்டும். வீட்டு இணைப்புக்கு லோடு போதலைன்னா ஈபி ஆபீசில் இப்பவே எழுதிக் கொடுங்க, வண்டி வந்த பிறகு அலைய வேண்டாம்.